குவார்ட்ஸ் மேடையில் மங்கல் திட்டு: துடைப்பதா, மெழுகு பூசுவதா, மெஷின் போடுவதா?

சமையலறையில் குவார்ட்ஸ் மேடை போட்ட வீடுகளில் கொஞ்ச காலத்திலேயே இந்தப் புகார் வந்துவிடும். சிங்க்கைச் சுற்றியும் அடுப்புக்குப் பக்கத்திலும் கல் மங்கிக் கிடக்கும், மற்ற இடமெல்லாம் பளபளக்கும். சரிசெய்ய மூன்று வழி சொல்வார்கள்: மேலே படிந்ததை எடுத்துவிடுவது, கடையில் விற்கும் ஸ்டோன் பாலிஷையோ மெழுகையோ பூசுவது, ஆளைக் கூப்பிட்டு மெஷின் போட்டு மெருகேற்றுவது. எங்கள் வீட்டு மேடைக்கு நான் முதல் வழியைத்தான் எடுத்தேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

குவார்ட்ஸ் என்று விற்பது மலையிலிருந்து அப்படியே அறுத்தெடுத்த பலகை இல்லை. எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் குவார்ட்ஸ் துகள், மீதி பாலியெஸ்டர் ரெசினும் நிறமியும். துகளின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7. பாத்திரமோ கத்தியோ அதை லேசில் கீறாது. அதனால் மங்கல் தெரிந்தால் ஒன்று கல்லின்மேல் ஏதோ படிந்திருக்க வேண்டும், இல்லை துகள்களைப் பிடித்திருக்கும் ரெசின் கெட்டிருக்க வேண்டும்.

சென்னையில் பெரும்பாலும் படிவுதான். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வருகிற வீட்டில் சிங்க் ஓரத்துத் துளிகள் காய்ந்து காய்ந்து சுண்ணாம்புப் படலமாகிவிடும். அதன்மேல் சரியாகத் துடைக்காத பாத்திர சோப்பு, அடுப்புப் பக்கம் தாளிக்கும்போது தெறித்த எண்ணெய். கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். மேடையைக் கழுவிக் காயவிடுங்கள். அடுப்பு அணைந்திருக்கும்போது, பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் திட்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தேயுங்கள். அப்புறம் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். அந்த வட்டம் மட்டும் பளிச்சென்றால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போதான். மாறவில்லை என்றால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு சொட்டு விடுங்கள். பொடிப் பொடியாகக் குமிழி வந்தால் சுண்ணாம்பு. எது வேலை செய்ததோ அதையே திட்டு முழுக்கப் போட்டு, சில நிமிஷத்தில் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். பச்சை ஸ்க்ரப்பர், டாய்லெட் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடா எதுவும் வேண்டவே வேண்டாம். வெறும் படிவாக இருந்ததை நிரந்தரச் சேதமாக்கிவிடும்.

மெழுகும் பாலிஷ் கிரீமும் பூசிய அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்து வரும் மாதங்களை யோசித்துத்தான் நான் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். குவார்ட்ஸில் நுண்துளை கிட்டத்தட்ட கிடையாது. பூசுவது எதுவும் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். நம் வீட்டு மேடையோ காலையில் டிகாக்‌ஷன் இறக்குவதில் தொடங்கி ராத்திரி தோசை வரை ஓயாமல் துடைபடுவது. சோப்பும் தண்ணீரும் படப் பட மெழுகு திட்டுத் திட்டாகக் கரையும். முதலில் போவது சிங்க் ஓரம், அதாவது எந்த இடத்துக்காகப் பூசினோமோ அதே இடம். மறுபடி பூசினால் பழையதன் மிச்சத்தின்மேல் புதுசு ஏறும். மஞ்சள்தூளும் எண்ணெயும் அதில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மெழுகே மங்கலாகத் தெரியும், அதை எடுப்பது தனி வேலை. சப்பாத்தி மாவை மேடையிலேயே தேய்க்கிறவர்களுக்கு அது இன்னும் சரிப்படாது.

சுத்தம் செய்த மேடைக்கு ராத்திரி பாத்திரம் கழுவியதும் ஒரு ஈரத் துணி, உடனே ஒரு காய்ந்த துணி, அவ்வளவுதான். தண்ணீரைக் காயவிடாமல் இருப்பதுதான் முழுப் பராமரிப்பும். வேலைக்கு வரும் அக்காவுக்கும் ஒரு தடவை சொன்னால் போதும். வாங்கி வைக்க ஒன்றுமில்லை, தேதி பார்த்துப் பூச ஒன்றுமில்லை.

ரெசினே கெட்டிருந்தால் துடைப்பது உதவாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வடை பொரிக்கிற எண்ணெய் 180 டிகிரியைத் தொடும். சுமார் 150 டிகிரியைத் தாண்டினாலே ரெசினுக்கு ஆபத்து. சட்டியை அப்படியே இறக்கி வைத்து வெளுத்துப்போன இடத்துக்கு மெஷின்தான் மிச்சம். அது முழுசாகப் பழையபடி ஆகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொழிற்சாலையில் பலகை முழுவதையும் ஒரே சீராக மெருகேற்றியிருப்பார்கள். வீட்டில் ஒரு இடத்தை மட்டும் கை மெஷினால் தேய்த்தால் விளிம்பில் வித்தியாசம் விழும். கிரானைட்டில் கைதேர்ந்தவர் அதே வேகத்தில் ஓட்டினால் ரெசின் சூடாகி இன்னும் மங்கும். நான் நேரில் பார்த்தது பக்கத்து வீட்டு வெள்ளை மேடை ஒன்றுதான். நேராகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது வளையம் தெரிகிறது. ஒரு மேடையை வைத்து எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

போடுவதென்றால் தண்ணீர் விட்டு, மெதுவான வேகத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். காய்ந்த தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். கல் அறுக்கும் தொழிலாளிகளுக்குச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைக் கல்லையே தடை செய்தது. வாரண்டி இருந்தால், மெஷின் போட்டால் அது செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிங்க்குக்காக வெட்டிய துண்டு பரணில் கிடந்தால், முதலில் அதில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.