மர்ம நாவல்களைக் காதால் கேட்பது: நீண்ட நாள் அனுபவம்

சில ஆண்டுகளாக நான் மர்ம நாவல்களைப் படிப்பதைவிடக் கேட்பதே அதிகம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள், அவற்றுக்கு முந்தைய ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள், அண்மையில் வெளிவந்த சில பெரிய நாவல்கள், தமிழில் கிடைக்கும் ஒலிநூல்கள் எனப் பலவற்றையும் கேட்டிருக்கிறேன். முன்பே அச்சில் படித்தவை சில. காதின் வழியாக மட்டுமே எனக்கு அறிமுகமானவை பல. இவ்வளவு கேட்ட பின் எனக்கு உறுதியாகத் தெரிவது, மர்ம நாவலின் ஒலிநூலைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்தாளர் யார் என்று பார்க்கும் அதே அக்கறையோடு, அதைக் குரல் கொடுத்து வாசிக்கும் வாசிப்பாளர் யார் என்றும் பார்க்க வேண்டும் என்பதே. வேறு வகைக் கதைகளில் வாசிப்பாளர் சுமாராக இருந்தால் சுவை சற்றுக் குறையும், அவ்வளவுதான். மர்மக் கதையில் அவர் ஓரிடத்தில் சறுக்கினால் மர்மமே வெளியே தெரிந்துவிடும்.

ஒலிநூலுக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள உறவு புதியது அன்று. பிரிட்டனில் பார்வையற்றோருக்கான பேசும் நூல் சேவை 1935இல் தொடங்கியபோது, முதன்முதலாக வழங்கப்பட்ட நூல்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’. 1926இல் வெளிவந்த அந்த நாவல், முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்கள் உள்ளிட்டோரின் வீடுகளுக்கு இசைத்தட்டுகளாகப் போய்ச் சேர்ந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 25 நிமிடப் பேச்சுதான் அடங்கும். ஒரு நாவலைக் கேட்டு முடிக்கப் பத்துத் தட்டுகள் வரை மாற்ற வேண்டியிருந்தது. விசாரணை சூடுபிடிக்கும் இடத்தில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டு மீண்டும் அமர்ந்த அந்த முதல் கேட்பாளர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நமக்கு ஒலிநூல் ஒரு வசதி. அவர்களுக்கு அது புத்தகத்தையே திருப்பிக் கொடுத்தது.

கேட்பதற்கும் படிப்பதற்கும் உள்ள பெரிய வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. அச்சுப் பக்கத்தில் நம் கண் ஒருபோதும் ஒழுங்காக வரி வரியாகப் போவதில்லை. பத்தியின் நடுவிலிருந்து அடிப்பகுதிக்குத் தாவுகிறது. அடுத்த பக்கத்தில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. அறை வர்ணனை நீண்டால் மேலோட்டமாக நகர்ந்துவிடுகிறது. கிறிஸ்டி போன்றவர்கள் இந்தப் பழக்கத்தை நன்றாக அறிந்தே எழுதினார்கள். மேசைமேல் கிடந்த பொருள்களின் பட்டியலிலோ, வாயாடியான ஒரு பெண்மணியின் ஊர்வம்பின் நடுவிலோ, நாம் அவசரமாகக் கடக்கும் இடமாகப் பார்த்துத்தான் துப்பை வைப்பார்கள். காதுக்கு அந்த அவசரம் வாய்க்காது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டு நம்மைக் கடந்து போகிறது. அச்சில் படித்தபோது என் கண்ணில் படவே படாத பல வரிகள், கேட்கும்போது எவ்வளவு வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தன என்று வியந்திருக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சந்தேகம் எழுந்ததும் நாற்பது பக்கங்கள் பின்னால் போய் அந்தச் சாட்சியத்தை மீண்டும் பார்ப்பது அச்சில் எளிது, ஒலிநூலில் கடினம். முப்பது நொடி பின்னோக்கிச் செல்லும் பொத்தான், தவறவிட்ட சொல்லைப் பிடிக்க உதவுமே தவிர, முந்தைய அத்தியாயத்தில் தோட்டக்காரர் எத்தனை மணிக்குக் காலடி ஓசை கேட்டதாகச் சொன்னார் என்பதைத் தேடித் தராது. ஆகவே ஒவ்வொரு சாட்சியின் விசாரணை தொடங்கும் இடத்திலும் புக்மார்க் வைத்துக்கொள்வது என் வழக்கம். முதல் ஒரு மணி நேரத்தில் வரும் பெயர்களையும் உறவுமுறைகளையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்கிறேன். ஆங்கில நாவலில் ஒரே மனிதரை ஒருவர் குடும்பப் பெயரால் அழைப்பார், இன்னொருவர் செல்லப் பெயரால் அழைப்பார். எழுத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் நம்பும்போது இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று எண்ணிக்கொள்ள நிறைய வாய்ப்பு இருக்கிறது. அந்தத் தாள் பெரும் உதவி.

வாசிப்பாளர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்டி நாவல்கள் பலவற்றை ஹியூ ஃப்ரேசர் வாசித்திருக்கிறார். தொலைக்காட்சியில் கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவாக டேவிட் சூஷே நடித்த தொடரில், பொய்ரோவின் நண்பர் கேப்டன் ஹேஸ்டிங்ஸாக வந்தவர் இவர். ஹேஸ்டிங்ஸே கதை சொல்லும் நாவல்களை அவர் குரலில் கேட்பது தனி அனுபவம். நேர்மையும் வெகுளித்தனமும் கலந்த அந்தக் குரல், கண்முன் இருப்பதைப் பார்த்தும் பொருள் புரிந்துகொள்ளாத மனிதரை நமக்கு முழுமையாகக் காட்டுகிறது. 1936இல் வெளிவந்த ‘தி ஏ.பி.சி. மர்டர்ஸ்’ நாவலில், ஹேஸ்டிங்ஸ் நேரில் காணாத நிகழ்ச்சிகளைச் சொல்லும் சிறு அத்தியாயங்கள் இடையிடையே வருகின்றன. ஒரே வாசிப்பாளர் இந்த இரண்டையும் சொல்லும்போது அந்த மாற்றத்தைச் செவியே உணர்கிறது. அச்சில் நான் தலைப்பைப் பார்த்துத்தான் உணர்ந்திருந்தேன். பொய்ரோவின் பெல்ஜிய உச்சரிப்பையும் ஃப்ரேசர் அளவோடு கையாள்கிறார். அந்த உச்சரிப்பை மிகைப்படுத்தும் வாசிப்புகளில் பொய்ரோ வெறும் வேடிக்கை மனிதராகச் சுருங்கிவிடுகிறார். அவரைப் பார்த்துக் கொலையாளி அஞ்ச வேண்டிய காரணமே இல்லாமல் போகிறது.

ஸ்டீபன் ஃப்ரை வாசித்த ஹோம்ஸ் கதைகளின் முழுத் தொகுப்பு எழுபது மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. பெரும்பாலான கதைகளை ஹோம்ஸின் நண்பர் வாட்சன்தான் சொல்கிறார் என்பதால், வாட்சனின் குரல் சலிப்பூட்டாததாக அமைவதே முதன்மையான தேவை. ஃப்ரையின் குரலில் உள்ள இதம் அதை நிறைவேற்றுகிறது. இந்தத் தொகுப்பில் காதுக்கென்றே எழுதியது போல இருக்கும் கதை ‘தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்’. 1892இல் வெளிவந்த அக்கதையில் நள்ளிரவில் கேட்கும் மெல்லிய சீழ்க்கை, உலோகம் விழுந்தது போன்ற ஓசை, இருட்டில் அசையாமல் காத்திருக்கும் இருவரின் மௌனம் என முக்கியமான துப்புகளும் சூழலும் ஒலியாகவே வருகின்றன. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய கதை அது.

வாசிப்பாளரின் பணி ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு வருகிறேன். கொலையாளி யார் என்பதை அறிந்த பிறகுதான் அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போகிறார். குற்றவாளியின் பொய்யான சாட்சியத்தை அவர் எப்படிச் சொல்வது? குரலில் சிறு தயக்கம் காட்டினால் நாம் பிடித்துவிடுவோம். அளவுக்கு மீறி இயல்பாகச் சொன்னாலும் பழகிய காது சந்தேகப்படும். ‘கதவுக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது’ என்று எழுத்தாளர் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். வாசிப்பாளரோ அந்தக் குரலுக்கு ஏதாவது ஓர் ஒலியைக் கொடுத்தே தீர வேண்டும். ஆண் குரலா, பெண் குரலா, முதியவரா, இளைஞரா என்பதில் எதைக் காட்டினாலும் அது எழுத்தாளர் தராத தகவலாகிவிடும். மாறுவேடத்தில் வரும் பாத்திரத்திலும் இதே சிக்கல். நல்ல வாசிப்பாளர்கள் இத்தகைய இடங்களில் தணிந்த, அடையாளமற்ற குரலுக்கு இறங்கிவிடுகிறார்கள். வாசிப்பு அவ்விடத்தில் திடீரென்று தட்டையானது போலத் தோன்றும். முழுக் கதையையும் கேட்டு முடித்த பிறகே அந்த அடக்கத்தின் காரணம் விளங்கும். எனக்கு இதுவே இந்தக் கலையின் உச்சம்.

பல நடிகர்கள் சேர்ந்து நடிக்கும் வானொலி நாடக வடிவங்களையும் விரும்பிக் கேட்டிருக்கிறேன். பிபிசி வானொலியில் ஜான் மொஃபாட் பொய்ரோவாகவும் ஜூன் விட்ஃபீல்ட் கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளர் மிஸ் மார்ப்பிளாகவும் நடித்தவை இன்றும் கேட்கத் தகுந்தவை. ஆனால் அவை நாவலுக்கு ஈடாகா. நேரம் கருதி உரையாடல்களைக் குறைக்கும்போது, பொருத்தமற்றதாகத் தோன்றும் பேச்சுகளே முதலில் போகின்றன. துப்பறியும் கதையில் அந்தப் பேச்சுகளுக்குள்தான் துப்பு ஒளிந்திருக்கும். மிஞ்சியவை எல்லாம் முக்கியம் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுவதால் ஊகிப்பது எளிதாகிறது. சுருக்கப்பட்ட ஒலிநூல்களுக்கும் இது பொருந்தும். வாங்கும் முன் கால அளவைப் பார்த்துவிடுங்கள். கிறிஸ்டியின் நாவல் ஒன்று சுருக்கப்படாமல் இருந்தால் பொதுவாக ஆறு, ஏழு மணி நேரம் வரும்; மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால் அது முழு நாவல் அன்று.

காதால் கேட்கவே முடியாத துப்புகளும் உண்டு. 1903இல் வெளிவந்த ‘தி டான்ஸிங் மென்’ என்னும் ஹோம்ஸ் கதை, குச்சி மனிதர்களின் படங்களால் ஆன ரகசிய எழுத்தைப் பற்றியது. அந்தப் படங்களைப் பார்க்காமல் ஹோம்ஸோடு சேர்ந்து அதை அவிழ்க்க இயலாது. விடை வரும் வரை நாம் வெளியே நிற்க வேண்டியதுதான். கிறிஸ்டியின் முதல் நாவலில் வீட்டின் வரைபடமும், 1934ஆம் ஆண்டு ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலில் ரயில் பெட்டியின் வரைபடமும் இருக்கின்றன. எந்த அறைக்கு அடுத்து எந்த அறை என்பதைக் குரலில் எவ்வளவு விளக்கினாலும் மனத்தில் நிற்பதில்லை. டோரதி சேயர்ஸின் ‘ஃபைவ் ரெட் ஹெரிங்ஸ்’ நாவலில் ரயில் நேர அட்டவணைகளே விசாரணையின் முதுகெலும்பு. அதை அச்சில் படிப்பதே நல்லது. ராபர்ட் கால்பிரெய்த்தின் துப்பறியும் நாவல் வரிசையில் வந்த ‘தி இங்க் பிளாக் ஹார்ட்’ (2022) அச்சில் இணைய அரட்டைகளைப் பக்கத்தில் பல பத்திகளாக இணையாகக் காட்டுகிறது. ஒரே நேரத்தில் நடக்கும் அந்தப் பேச்சுகளை ஒலிநூலின் வாசிப்பாளர் ராபர்ட் கிளெனிஸ்டர் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வாசிக்க முடியும். அவர் மிகச் சிறந்த வாசிப்பாளர். அந்த வரிசையின் மற்ற நாவல்களை அவர் குரலில் கேட்கத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இந்த ஒன்றுக்கு மட்டும் புத்தகத்தையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் நிலைமை வேறு. சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளைப் போல உரையாடலால் நகரும் துப்பறியும் கதைகள் காதுக்கு இயல்பாகவே ஒத்துவருகின்றன. ஆனால் கதை சொல்வது எழுத்துத் தமிழிலும் மாந்தர் பேசுவது பேச்சுத் தமிழிலும் இருப்பதால், வாசிப்பாளர் வரிக்கு வரி நடை மாற வேண்டும். நிறுத்தி நிதானமாகச் செய்தி வாசிப்பது போல எல்லாவற்றையும் ஒரே தொனியில் வாசித்தால் வசந்தின் குறும்பு வற்றிப்போகும். ராஜேஷ்குமாரின் நாவல்களில் தொடர்பில்லாத இரண்டு கதைகள் மாறி மாறி ஓடி முடிவில் இணைவது வழக்கம். அச்சில் ஓர் இடைவெளியோ அத்தியாய எண்ணோ அந்த மாற்றத்தைச் சொல்லிவிடும். ஒலியில் போதிய மௌனம் விடாவிட்டால் கோவையில் இருந்த ஆள் எப்படிச் சென்னை வந்தார் என்று கேட்பவர் குழம்புவார். பின்னணி இசையை ஓயாமல் ஓடவிடுவதும் நம் ஒலிநூல்களில் மிகுதி. கொலையாளியின் காலடி வருமுன்பே இசை அச்சுறுத்திவிட்டால் எழுத்தாளருக்குச் செய்ய என்ன மிஞ்சும்? தமிழ் ஒலிநூல் தயாரிப்பவர்கள் இசையைக் குறைத்து வாசிப்புப் பயிற்சிக்கு அந்த நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இயந்திரக் குரலில் வாசிக்கப்பட்ட நூல்கள் இப்போது பெருகிவருகின்றன. உச்சரிப்பு முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. சமையல் குறிப்புக்கோ செய்திக்கோ அது போதும். மர்ம நாவலுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தில் குரலை அடக்கும் மனிதர் அங்கே இல்லை.

கேட்கும் வேகத்தை நான் பெரும்பாலும் கூட்டுவதில்லை. விசாரணைக் காட்சியில் இரண்டு நொடி மௌனம் விடப்பட்டிருந்தால் அது சாட்சியின் மௌனம். வேகத்தைக் கூட்டினால் அது மறைந்துவிடும். சமைக்கும்போதும் நடைப்பயிற்சியின்போதும் கதையின் நடுப்பகுதியைக் கேட்கலாம். தொடக்கத்தின் ஒரு மணி நேரத்துக்கும், எல்லாரையும் ஓர் அறையில் கூட்டி உண்மையை உடைக்கும் கடைசிப் பகுதிக்கும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். மீதமுள்ள நேரத்தைக் காட்டும் எண்ணை முடிந்தால் மறைத்துவையுங்கள். ஒருவரைக் கைது செய்த பிறகும் இரண்டு மணி நேரம் மிச்சமிருப்பதாகத் திரை சொன்னால், அவர் குற்றவாளி இல்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. படுக்கையில், குறித்த நேரத்தில் தானாக நிற்கும் ஸ்லீப் டைமர் வைத்துக் கேட்பதற்கு, முன்பே முடிவு தெரிந்த நாவல்களே ஏற்றவை.

உண்மையில், முடிவு தெரிந்த நாவலை மீண்டும் கேட்பதைப் போன்ற இன்பம் இந்த வகையில் வேறில்லை. முதல் முறை துப்பைத் தேடுகிறோம். இரண்டாம் முறை எழுத்தாளரும் வாசிப்பாளரும் சேர்ந்து நம்மிடமிருந்து அதை எப்படி மறைத்தார்கள் என்பதைக் கவனிக்கிறோம். ‘ரோஜர் அக்ராய்ட்’ இதற்கென்றே அமைந்த நாவல். அதன் முடிவை யாரும் உங்களுக்குச் சொல்லிவிடுவதற்குள் கேட்டுவிடுங்கள், பிறகு சில மாதங்கள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

செலவு செய்யத் தயங்குபவர்கள், 2005இல் தொடங்கப்பட்ட லிப்ரிவாக்ஸ் தளத்தில் காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாக வழங்குவதைப் பயன்படுத்தலாம். தரம் ஆளுக்கு ஆள் மாறும். முதல் அத்தியாயத்தைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1868இல் வெளிவந்த வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ பல பாத்திரங்கள் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்லும் கதை என்பதால், பல குரல்களில் கேட்க மிகவும் உகந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் அத்தனை பெரிய நாவலில் இறங்க வேண்டாம். ஒரு மணி நேர அளவில் முடியும் ஹோம்ஸ் சிறுகதை ஒன்றில் ஆரம்பித்து, அந்த வாசிப்பாளரின் குரல் பிடித்திருந்தால் அவர் வாசித்த அடுத்த கதைக்குப் போங்கள். ஆறு மணி நேர நாவலுக்குக் காது பழகிய பிறகு ‘மூன்ஸ்டோன்’ காத்திருக்கும்.