கவலைக்கென்று அரை மணி நேரம்: ஒரு வருடத்துக்கு மேல் கடைப்பிடித்த அனுபவம்

படுக்கையில் சாய்ந்ததும்தான் எனக்கு மனசு ஓடத் தொடங்கும். வீட்டுக் கடன் தவணை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அம்மாவின் கிரியேட்டினின் அளவு, மேலாளர் பாதியில் நிறுத்திய ஒரு பேச்சு. ஒன்றை ஒதுக்கினால் அடுத்தது வந்து நிற்கும். இதற்கு நான் ஒரு வருடத்துக்கு மேலாகக் கடைப்பிடித்து வருவது 'கவலை நேரம்' என்ற முறை. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-இல் ஆய்வாக வெளியிட்டது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைத்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

என் நேரம் மாலை ஆறரை, இடம் சாப்பாட்டு மேசை. தூங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், படுக்கையறையும் வேண்டாம். ஒரு சாதாரண நோட்டு, பக்கத்தின் நடுவே கோடு. இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அதற்கு நான் செய்யக்கூடிய அடுத்த வேலை. 'அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடுமோ' என்று எழுதினால், எதிரே 'செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் போடணும், மூட்டுவலி மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்கணும்'. மேலாளர் விஷயத்துக்கு எதிரே எழுத ஒன்றுமே இல்லை. அப்படி வலப்பக்கம் காலியாகக் கிடந்த கவலைகளில் பல, சில நாளில் நோட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டன.

உடனே பலன் கிடைக்கவில்லை. தள்ளிவைக்கும் பழக்கம் படிய எனக்குச் சில வாரங்கள் பிடித்தது. ஆனால் 'நினைக்காதே' என்று மனசோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதே கரடி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்ததை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இலேயே காட்டியிருக்கிறார். இங்கே மனசுக்கு நாம் மறுப்பு சொல்வதில்லை, தவணைதான் சொல்கிறோம்.

மூச்சுப் பயிற்சியும் செய்கிறேன். நான்கு எண்ணி இழுத்து, ஏழு எண்ணி அடக்கி, எட்டு எண்ணி விடும் 4-7-8 முறையில், ஏழு எண்ணும்வரை மூச்சை அடக்குவது எனக்குப் படபடப்பைக் கூட்டியது. அதனால் அடக்குவதை விட்டுவிட்டேன். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுகிறேன். மூச்சை நீட்டி விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. கூட்டத்துக்குள் நுழையும் முன் கை நடுங்கினால் இது நன்றாக உதவும். கவலையின் காரணத்தை இது தொடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காசு கட்டி வாங்கிய தியானச் செயலி எனக்கு ஒத்துவரவில்லை. போனை எடுத்தாலே வாட்ஸ்அப் கூப்பிடும்.

தூங்கப் போகுமுன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை மட்டும் எழுதுகிறேன். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அதில் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். நான் கவனித்தவரை, 'கரண்ட் பில்' என்று மொட்டையாக எழுதுவதைவிட 'காலை பத்து மணிக்குள் கரண்ட் பில் கட்டணும்' என்று எழுதினால்தான் மனசு அதை விடுகிறது.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, திடீரென நெஞ்சு அடைக்கிறது என்றால் நோட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் தாமதிக்கவே கூடாது. இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.