இடுப்பு மூட்டுத் தேய்வு: ஊசியா, பயிற்சியா, சத்திரசிகிச்சையா?

திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவ முடியாமற் போவதும், முச்சக்கரவண்டியில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க நேர்வதும் இடுப்பு மூட்டுத் தேய்வின் அடையாளங்களாக இருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளில் அதை நாரிப்பிடிப்பு என்று சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுகிறோம். எலும்பியல் கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்துத் தேய்வு உறுதியான பின்னர்தான், எந்தச் சிகிச்சை என்ற கேள்வி எழுகிறது.

அதிகம் விரும்பிக் கேட்கப்படுவது ஸ்டீரொயிட் ஊசி. முழங்காலுக்குக் கையால் தடவி இடம் பார்த்தே அதைப் போட்டுவிடலாம். இடுப்பு மூட்டோ, தொடையின் பெரிய நாடிக்கும் நரம்புக்கும் அருகில், தடித்த தசைகளுக்கு அடியில் கிடப்பதால், ஸ்கான் அல்லது எக்ஸ்ரேத் திரையைப் பார்த்தபடிதான் நீண்ட ஊசியை உள்ளே செலுத்த வேண்டும். மருந்துடன் விறைப்பு மருந்தும் கலக்கப்படுவது வழக்கம். இதில் ஒரு மறைமுக நன்மை உண்டு: ஊசி போட்ட சில மணி நேரத்துக்கு நோவு முற்றாக அடங்கினால், நோவின் ஊற்று நாரியில் அன்று, இடுப்பு மூட்டில்தான் என்பது தெளிவாகிவிடும். விறைப்பு விட்டதும் ஓரிரு நாள் நோவு கூடலாம். அதன் பிறகே ஸ்டீரொயிட் அழற்சியைத் தணிக்கத் தொடங்கும்.

பலன் எவ்வளவு? இங்கிலாந்தில் 199 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், ஆலோசனையும் வழமையான பராமரிப்பும் மட்டும் பெற்றவர்களைவிட, அவற்றோடு 40 மில்லிகிராம் ட்ரையம்சினொலோன் என்ற ஸ்டீரொயிட் ஊசியும் பெற்றவர்களுக்கு, பத்துப் புள்ளி அளவுகோலில் இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ 3 புள்ளி நோவு குறைந்திருந்தது. ஆறு மாதச் சராசரியாகப் பார்த்தால் அந்த வேறுபாடு ஒன்றரைப் புள்ளிக்குச் சற்றுக் குறைவு. இதை நான் சிறு பலன் என்று சொல்லமாட்டேன். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளர்வதில்லை. நீரிழிவு உள்ளவருக்குச் சில நாள்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறும். கிருமித்தொற்று அரிது என்றாலும் நேர்ந்தால் கடுமையானது. திரும்பத் திரும்பவோ கூடிய அளவிலோ போட்டவர்கள் சிலரில் மூட்டு விரைவாகச் சிதைந்ததும் பதிவாகியுள்ளது.

பயிற்சிக்கு இந்த வேகம் இல்லை. இடுப்பைத் தாங்கும் தசைகளை வலுப்படுத்த வாரக்கணக்காகும். நோவோடுதான் தொடங்கவும் வேண்டும். ஆயினும் அதை விடாமல் செய்வது, உடற்பருமனைக் குறைப்பது, நோகும் காலுக்கு எதிர்க் கையில் ஊன்றுகோல் பிடிப்பது ஆகியவற்றை எவரும், எந்தக் கட்டத்திலும் செய்யலாம். (நோகிற பக்கத்திலேயே கோலைப் பிடிப்பவர்களைத்தான் அதிகம் காண்கிறேன்.) குளிசைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பனடோலின் உதவி சொற்பம், டைக்குளோபினக் வகை உதவும், ஆனால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அதனால் தீங்கு நேரலாம்.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை மட்டுமே தேய்ந்த மூட்டையே அகற்றுகிறது. மாற்றிய மூட்டுகளில் ஏறத்தாழ 58 வீதம் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று 2019இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதற்கு ஈடாகச் சில வாரங்கள் கவனமான நடமாட்டமும் பயிற்சியும் வேண்டும். குந்து மலசலகூடத்துக்குப் பதில் கொமோட் வைக்கவும், பாயை விட்டுக் கட்டிலுக்கு மாறவும் வேண்டியிருக்கும்.

இங்கே ஊசியும் சத்திரசிகிச்சையும் மோதுகின்றன. ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டை மாற்றினால் தொற்று அபாயம் கூடுவதால், அந்த இடைவெளியை வைத்தியர்கள் வலியுறுத்துகிறார்கள். ஆகவே நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னர் போட்ட ஊசி, ஒருவரை 25 நாள் திருவிழாவுக்கும் நடந்துபோக வைக்கக்கூடும். ஐப்பசியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவரோ, இந்த ஆண்டுத் தேரைக் கதிரையில் இருந்தபடி பார்ப்பதே நல்லது.