பழைய ரீல்களோடு ஆறு வருடம்: துடைப்பு, ஒட்டு, காடி வாசனை

கொழிஞ்சாம்பாறையில் மாமா ஆபரேட்டராக இருந்த டென்ட் கொட்டகை மூடியபோது 16 எம்எம் புரொஜெக்டரும் பதினாலு ரீலும் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஆறு வருடமாக ஃபிலிமைச் சுத்தம் செய்யும் ஃபிலிம்கார்ட் என்ற திரவத்தால்தான் ரீல்களைத் துடைக்கிறேன்.

அந்தக் காலத்தில் மாமா சிடிசியை (கார்பன் டெட்ராகுளோரைடு) வேட்டித் துணியில் நனைத்துத் துடைப்பாராம். அழுக்கு நன்றாகப் போகும், ஆனால் அது ஈரலுக்கு விஷம், ஓசோனுக்கும் ஆகாது, இப்போது கடையில் கேட்டாலும் கிடைக்காது. ஃபிலிம்கார்ட் அப்படி ஆவியாகிப் போவதில்லை. ஈரமாகவே தங்கி வழவழப்புத் தருகிறது, புரொஜெக்டர் கேட்டில் (விளக்குக்கு முன்னால் ஃபிலிம் ஓடும் இடம்) கிறீச்சிட்டுக்கொண்டு போன ரீல் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. பளபளப்புப் பக்கத்துக் கீறல்களையும் நிரப்பிவிடுவதால் திரையில் பெய்யும் மழை பாதி நின்றுவிடும். எமல்ஷன் பக்கம், அதாவது படம் பதிந்த மங்கலான பக்கம், விழுந்த பச்சை, மஞ்சள் கோடுகள் போகாது, அங்கே படமே சுரண்டப்பட்டுவிட்டது.

400 அடி ரீல், அதாவது பதினோரு நிமிடப் படம், வெல்வெட் துணிக்கு நடுவே மெதுவாக ரீவைண்ட் ஆகிறது. துணி கறுத்தால் வேறு மடிப்பு. முதல் தடவை கொட்டோ கொட்டென்று கொட்டி, திரையெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. துணி லேசாக ஈரமானால் போதும்.

இன்னொரு முட்டாள்தனம்: துடைத்த பிறகு கிழிந்த ஃபிலிமை ஃபிலிம் சிமெண்ட் என்ற பசையால் ஒட்டப் போனேன். "எண்ணெ பட்ட எடத்துல சிமெண்டு புடிக்குமாடா?" என்றார் மாமா. சரிதான், ரெண்டாம் சுற்றிலேயே பிரிந்துவிட்டது. இப்போது கிழிசலையும் ஓரத்தில் உடைந்த ஓட்டைகளையும் முதலில் சரிசெய்கிறேன்: எமல்ஷனை பிளேடால் சுரண்டி, சிமெண்ட் தடவி, அழுத்தி வைத்து, காய்ந்த பிறகுதான் துடைப்பு. பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கில் வந்த பிரிண்டில் சிமெண்ட் பிடிக்கவே பிடிக்காது, ஃபிலிம் ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசர் டேப்தான். சாதா செல்லோடேப் போட்டுத் தொலைக்காதீர்கள், பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அப்புறம், அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் சிதைந்து காடி (வினிகர்) வாசனை பிடித்த ரீலுக்கு எந்தத் திரவமும் மருந்தில்லை. ஈரக்காற்றிலும் சூட்டிலும் அது வேகமாகச் சுருங்கும், பக்கத்து ரீலுக்கும் பரவும். அப்படி ஒன்றைத் தனியாகத் திண்ணையில் வைத்திருக்கிறேன். ஊறுகாய் கெட்டுப்போச்சா என்று அத்தை வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறார்.