ஸ்பிரிங் பிரேக்கில் பாலைவனம்: டெத் வேலியா, ஜோஷுவா ட்ரீயா?

தெற்குக் கலிபோர்னியாவில் இருப்பவர்கள் ஸ்பிரிங் பிரேக்கில் (பள்ளிகளின் வசந்தகால விடுமுறையில்) பாலைவனத்துக்குக் கிளம்ப நினைத்தால், பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு தேசியப் பூங்காக்களில்தான் வந்து நிற்கும். இரண்டுக்குமே மார்ச் நல்ல மாதம். கோடையில் டெத் வேலிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் எண்ணமே வேண்டாம். 1913 ஜூலையில் அங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலக வானிலை அமைப்பின் கணக்கில் இன்றும் உச்சம்.

எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் நான் ஜோஷுவா ட்ரீ பக்கம்தான். நெரிசல் இல்லாவிட்டால் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இரண்டரை மணி நேரம். உள்ளே காரை நிறுத்தி இறங்கினாலே ஏறி விளையாடப் பாறைகள். ஹிடன் வேலியில் நடைபாதை ஒரு மைல்தான். சுற்றிலும் பாறைச்சுவர், நடுவே யானை யானையாகக் கற்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கவனம் தேவைப்படுவது சோய்யா கள்ளித் தோட்டத்தில். பஞ்சுப் பொம்மை மாதிரி தெரியும், ஆனால் லேசாக உரசினாலே ஒரு துண்டு ஒடிந்து உடையில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறிவிடும். ஒரு சீப்பை இடையில் கொடுத்துத் தட்டிவிட வேண்டும். காரில் சீப்பு கட்டாயம்.

பூங்காவுக்குள் கடையும் பெட்ரோலும் கிடையாது, போன் சிக்னலும் பெரும்பாலும் இல்லை. தண்ணீர், சாப்பாடு, வரைபடம் எல்லாவற்றையும் வெளியூரிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். மார்ச் வார இறுதிகளில் மேற்கு வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கும்; வடக்கே ட்வென்டிநைன் பாம்ஸ் ஊர் வழியாகப் போவது மேல்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள், மூன்று நாள் கையில் என்றால் கதையே வேறு. அப்போது டெத் வேலிக்கு ஈடு இல்லை. பேட்வாட்டர் பேசின் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம். அங்கே நின்று பின்னால் இருக்கும் மலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறையில் வெகு உயரத்தில் 'கடல் மட்டம்' என்று சின்னதாக ஒரு பலகை தெரியும். பாடப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் புரியாதது அந்தப் பலகையைப் பார்த்ததும் புரிந்துவிடும். உப்புத் தரையில் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் அறுகோணக் கட்டங்கள் கட்டியிருப்பதையும் பார்க்கலாம்.

ஆனால் கார்ப் பயணம் அதிகம். ஸ்டவ்பைப் வெல்ஸ் மணல்மேட்டிலிருந்து பேட்வாட்டருக்கே நாற்பது மைலுக்கு மேல். உள்ளே பெட்ரோல் உண்டு, விலை கையைக் கடிக்கும். மழை வெள்ளத்தில் சாலைகள் அரித்துப்போவதும் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் ஹிலரி புயல் மழைக்குப் பிறகு பூங்காவையே இரண்டு மாதம் போல மூடி வைத்திருந்தார்கள். எனவே கிளம்பும் முன் சாலை நிலவரம் பார்த்துவிடுங்கள்.

சரி, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அதிகம் நடக்க முடியாது என்றால்? அரிசோனாவில் டூசான் பக்கம் சகுவாரோ பூங்கா இருக்கிறது. அதன் கிழக்குப் பகுதியில் எட்டு மைல் தார்ச்சாலை கள்ளிக்காட்டுக்குள்ளேயே சுற்றி வரும். காரை விட்டு இறங்காமலே எல்லாம் தெரியும். பூ மட்டும் ஏப்ரல் கடைசிக்கு மேல்தான்.