ரீகிரைண்டா, புது கேமா, புல்லியா? டர்பன் சின்னக் கார்களுக்கு ஒரு மைலேஜ் அலசல்

தென்னாப்பிரிக்காவில் மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும். ஏறப்போகிறது என்று தெரிந்தால் செவ்வாய் சாயங்காலமே டர்பன் சாட்ஸ்வர்த் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நிற்கும். அந்த வாரத்தில்தான் எல்லோருக்கும் மைலேஜ் ஞாபகம் வரும், "கேம்ஷாஃப்டை ரீகிரைண்ட் பண்ணினா பெட்ரோல் மிச்சமாமே?" என்ற பேச்சும் கிளம்பும். கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம், இஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு; அதன் மேடுகளை அரைத்து வடிவம் மாற்றுவதுதான் ரீகிரைண்ட்.

மிச்சமாகும். ஆனால் எந்தக் காரில், எந்த ஊரில், யார் ஓட்டும்போது என்று கேட்க வேண்டும். நம் வீடுகளில் இன்னும் ஓடுவது சிட்டி கோல்ஃப், டொயோட்டா டாஸ், ஃபியட் ஊனோ, நிஸான் 1400 பக்கி (சின்னப் பிக்அப்). யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் சிட்டி கோல்ஃப் 2009இல் நின்றது. நம்ம ப்ரொஸ்பெக்டனில் செய்த டாஸ் 2006இலேயே முடிந்துவிட்டது. அப்படியென்றால் இந்தக் கார்களின் கேம்கள் தேயும் வயதைத் தாண்டியவை. எப்படியும் திறந்து பார்க்க வேண்டிய கேம் என்பதால்தான் இந்தக் கேள்விக்கே அர்த்தம் இருக்கிறது.

போட்டியில் மூன்று வழிகள். பழைய கேமையே எகானமி வடிவத்துக்கு அரைத்து வாங்குவது ஒன்று. கம்பெனி வடிவத்தில் புது கேம் போடுவது இன்னொன்று. கேமைத் தொடாமல், அதைச் சுற்றவைக்கும் பல்சக்கரத்துக்குப் பதிலாக அட்ஜஸ்டபிள் புல்லி போட்டு டைமிங்கை மட்டும் நகர்த்துவது மூன்றாவது.

முதலில் கேம் மைலேஜை எங்கே தொடுகிறது என்று பார்த்துவிடலாம். பிஸ்டன் கீழே போய் மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் காற்றின் வேகத்துக்கு இது நல்லது. மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். எகானமி கேம் இந்த வால்வைச் சீக்கிரம் மூடுகிறது. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தையும் குறைக்கிறது. அதனால் 1,500, 2,000 ஆர்.பி.எம்.மிலேயே இழுவை கிடைக்கும். மேலே 5,000இல் மூச்சு வாங்கும்.

கேம் தருவது இழுவைதான், நேரடியாக மைலேஜ் இல்லை. அந்த இழுவையை வைத்து நீங்கள் சீக்கிரம் மேல் கியருக்குப் போனால், த்ராட்டில் அகலமாகத் திறந்து, காற்றை உறிஞ்ச இஞ்சின் வீணாக்கும் சக்தி குறையும். மிச்சம் அங்கேதான் வருகிறது. பழையபடி மூன்றாம் கியரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் மிச்சமாவது சொற்பம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கீயோ மெட்ரோ எக்ஸ்எஃப்ஐ என்று ஒரு கார் விற்றார்கள். சுசுகியின் மூன்று சிலிண்டர் 1.0 லிட்டர் இஞ்சின், மென்மையான கேம். சாதாரண மாடலுக்கு 55 குதிரைசக்தி என்றால் இதற்கு 49தான். அந்தக் கம்பெனிகூடக் கேமோடு நிற்கவில்லை, ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்குப் போகும் கடைசிக் கியர்) விகிதத்தையும் சேர்த்தே மாற்றியது.

இனி ரீகிரைண்ட். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் கேமை வி-பிளாக்கில் படுக்க வைத்து, டயல் கேஜை நடு ஜர்னலில் ஊன்றி, கையால் மெதுவாக உருட்டினார். வளைவு இல்லை. பிறகு மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு லோபாக (வால்வை அழுத்தும் மேடு) அளந்துகொண்டே வந்தார். மூன்றாவது லோபில் கை நின்றது. பக்கத்து லோபைவிட 0.4 மி.மீ. குட்டை, மூக்கில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். "தம்பி, இதை மைலேஜுக்குன்னு அரைக்க வேண்டாம், தேஞ்சதுக்கே அரைக்கணும்" என்றார். அந்த லோபின் வால்வு சரியாகத் திறக்காமல் ஒரு சிலிண்டர் அரைப்பட்டினியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மைலேஜ் விழுந்ததற்கு அதுவே போதுமான காரணம்.

அரைத்து எடுக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. ரேஸ் கேம் செய்ய லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கூட வேண்டும். அதற்கு லோபின் அடிவட்டத்தை (மேடு இல்லாத வட்டப் பகுதியை) அரைத்துச் சின்னதாக்குவார்கள். எகானமி கேமுக்கு அந்த அளவு வேண்டாம். லோபின் இரண்டு பக்கத்தையும் ஒடுக்கினாலே வால்வு திறந்திருக்கும் நேரம் குறையும். ஆனாலும் தேய்ந்த கேம் என்றால் சுற்றிலும் சுத்தமாக்க அடிவட்டமும் கொஞ்சம் போகும். இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். பழைய ஃபோக்ஸ்வேகன் இஞ்சின்களில் டேப்பட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் நிற்கும் கிண்ணம்) மேல் ஷிம் என்ற தகடு உட்காரும், தடிமன் 3.00 மி.மீ. முதல் 4.25 மி.மீ. வரை, 0.05 மி.மீ. படிகளில் கிடைக்கும். இப்போது 3.70 ஷிம் இருக்கிறது என்று வையுங்கள். அடிவட்டத்தின் ஆரத்தில் அரை மில்லி போனால் 4.20 ஷிம் போட்டுச் சமாளிக்கலாம். ஒரு மில்லி போனால் அந்த ஷிம்மே கிடையாது. பிறகு வந்த, எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பும் ஹைட்ராலிக் டேப்பட் இஞ்சின்களில் ஷிம் தொல்லை இல்லை. ஆனால் டேப்பட்டின் எட்டும் தூரத்தைத் தாண்டி அரைத்துவிட்டால் டக்-டக் சத்தம் போகவே போகாது.

கேமின் மேல்தோல்தான் கடினமானது. சில்டு காஸ்ட் அயர்ன் (வார்க்கும்போதே சட்டெனக் குளிரவைத்த இரும்பு) கேமில் அந்தத் தோல் சில மில்லி ஆழம் இருக்கும், தாங்கும். நைட்ரைடிங் (நைட்ரஜனால் மேல்தோலைக் கடினமாக்குவது) செய்த கேமில் ஒரு மில்லியில் பத்தில் சில பங்குதான். அரைத்தால் தோலே போய்விடும், மறுபடி கடினமாக்க வேண்டும். அரைத்த கேமுக்குக் கறுப்பு பாஸ்பேட் பூச்சு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதோடு பழைய டேப்பட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதுசு போடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிஷம் ஓட விடணும். இதைச் செய்யாமல் ஒரே வாரத்தில் லோபைத் தின்ற இஞ்சின்கள் உண்டு.

இன்னொரு சங்கடம், பட்டறைக்காரரின் ருசி. "கேம்" என்று வாய் திறந்தாலே பலர் நம்ம ஃபீனிக்ஸ் பகுதிப் பையன்கள் கேட்கும் தடதட ஐடில் கேமைத்தான் எடுத்து வைப்பார்கள். ரோபோவில் (சிக்னலில்) நிற்கும்போது கெத்தாக இருக்கும், பெட்ரோல் குடிக்கும். அதனால் லிஃப்ட், 1 மி.மீ. லிஃப்டில் எத்தனை டிகிரி திறந்திருக்கும், லோப்களுக்கு இடைக்கோணம் என்ன என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாத பட்டறையிலிருந்து கேமை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

புது கேமைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அடிவட்டம், ஷிம், தோல் எதைப் பற்றியும் கவலை வேண்டாம். எகானமி வடிவம் கிடைக்காது, ஆனால் தேய்ந்த கேமின் இடத்தில் கம்பெனி அளவு வந்தாலே தொலைந்த மைலேஜ் திரும்பிவிடும். மலிவான காப்பி கேம்களை மட்டும் வாங்காதீர்கள்.

புல்லி எனக்குப் பிடித்த வழி. கேமை 2 டிகிரி முன்னே தள்ளினால் கிராங்க் கணக்கில் 4 டிகிரி. இன்டேக் வால்வு அந்த அளவு சீக்கிரம் மூடும். ஒற்றைக் கேம் இஞ்சினில் எக்ஸாஸ்டும் சேர்ந்தே முன்னே வரும், அதனால் லாபத்தில் ஒரு பங்கு கழியும். ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது சூடேறி, ஹெட்டை இறக்கி ஸ்கிம் பண்ணிய (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கிய) கார் நம்மில் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. ஸ்கிம் பண்ணினால் கேமுக்கும் கிராங்குக்கும் தூரம் குறைந்து, பெல்ட்டில் கேம் டைமிங் கொஞ்சம் பின்னால் போகும். அந்தக் கார்களுக்குப் புல்லி புது வித்தை எதுவும் இல்லை. கம்பெனி வைத்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் வேலைதான். ஊனோ, டாஸ் போன்றவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் முனையிலேயே ஓடுவதால், கேமை நகர்த்தியதும் டைமிங் லைட் வைத்து இக்னிஷனையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். வால்வு பிஸ்டனைத் தொடாமல் இருக்கிறதா என்று கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள்.

மூன்றையும் ஒப்பிடும்போது பலரும் விட்டுவிடுவது ஊர். டர்பன் கடல் மட்டம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம்; அங்கே காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் அங்கே 93 ஆக்டேனில் ஓட்டலாம், கடலோரத்தில் 95 கேட்கிறது. வால்வைச் சீக்கிரம் மூடும் கேம் சிலிண்டர் அழுத்தத்தைக் கூட்டும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிற சித்தப்பா காருக்கு அது வரப்பிரசாதம், உயரம் பறித்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதே கேம், ஸ்கிம் பண்ணிய ஹெட்டோடு டர்பனில் மேல் கியரில் மேடு ஏறினால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம்) கேட்கும். அதை அடக்க இக்னிஷனைப் பின்னே தள்ளினால் கேமில் பிடித்த மைலேஜ் அங்கே போய்விடும். ஆகவே ஜோபர்க்கில் ஒருவருக்குப் பலித்த கேம் விவரத்தை வாங்கி வந்து இங்கே அப்படியே அரைக்கச் சொல்லாதீர்கள்.

காசுக் கணக்கு. 100 கி.மீ.க்கு 7 லிட்டர் குடிக்கும் கார், மாதம் 1,200 கி.மீ. ஓட்டம் என்று வையுங்கள்: 84 லிட்டர். நல்ல கேம், நல்ல கால், இரண்டும் சேர்ந்து 4 சதவீதம் மிச்சம் என்று தாராளமாகவே போட்டாலும் வருஷத்துக்கு 40 லிட்டர்தான். ரீகிரைண்ட், டேப்பட், கேஸ்கெட், டைமிங் பெல்ட், கூலி எல்லாம் அதில் திரும்ப எத்தனை வருஷம் ஆகும் என்று பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து தினம் 160 கி.மீ. போய்வருபவருக்கு, 22 வேலை நாளில் 3,520 கி.மீ.; அவருக்கு வருஷத்துக்கு 118 லிட்டர் வரை மிச்சம். அவர் யோசிக்கலாம்.

வால்வைத் தாமதமாக மூடும் அட்கின்சன் வழியையும் சிலர் சொல்கிறார்கள். டொயோட்டா ப்ரியஸ் அதைத்தான் செய்கிறது, ஆனால் 13க்கு 1 கம்ப்ரஷன் விகிதமும் இழுத்துவிட ஒரு மின்மோட்டாரும் வைத்துக்கொண்டு. மோட்டார் இல்லாத ஊனோவில் செய்தால் மேடு ஏறும்போது பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார்.

என் வரிசை இது. கேம் நன்றாக இருக்கும் சிட்டி கோல்ஃபுக்கு, அடுத்த டைமிங் பெல்ட் மாற்றும் அன்றே புல்லி. தனியாக அதற்கென்று கூலி கொடுக்க வேண்டாம். லோப் தேய்ந்திருந்தால், ஹைட்ராலிக் இஞ்சினுக்குப் புது கேம். ஷிம் இஞ்சினுக்கு, ஷிம் கணக்கு இடித்துக்கொள்ளாதவரை எகானமி ரீகிரைண்ட். நிஸான் 1400க்குக் கேம் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் மைலேஜுக்காக மட்டும் கை வைக்காதீர்கள். இஞ்சின் எப்படியும் ஓவராலுக்கு இறங்கும் நாளில் கேமையும் ஃபாலோயர்களையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய், பக்கியில் என்ன பாரம் ஏற்றுகிறீர்கள் என்பதையும் சொல்லி அரைக்கச் சொல்லுங்கள்.