ஜீப் பிரேக் பைப்: இரும்பா, குப்ரோ நிக்கலா?

பழைய மிலிட்டரி ஜீப்பின் முன் ஆக்சிலைப் பிரித்து, கிங்பின் பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்றியபின் வந்து நிற்கும் கேள்வி இது.

விலை: இரும்பு மலிவு. செம்போடு நிக்கல் கலந்த குப்ரோ நிக்கல் கூடுதல்தான், ஆனால் ஒரு ஜீப்புக்கு எத்தனை மீட்டர் வேண்டியிருக்கப்போகிறது?

வளைப்பு: 3/16 அங்குல இரும்பு முரண்டு பிடிக்கும், டபுள் பிளேர் (குழாய் முனையை விரித்து இரட்டையாக மடிப்பது) அடிக்கும்போது விளிம்பு விரிசல் விடவும் செய்யும். குப்ரோ நிக்கல் கைக்கே வளையும்.

கல்லடி: இரும்பு கெட்டி. குளத்தங்கரைப் பாதையில் ஓடும் வண்டிக்கு இது முக்கியம்.

துரு: இங்கேதான் விஷயமே. உவரி, கூடங்குளம் பக்கத்து உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. என் வண்டியில் ஆக்சில் கிளிப்பைக் கழற்றினால், அடியில் குழாய் முறுக்கு மாதிரி பொரிந்து கிடந்தது. வெளியே பெயிண்ட் என்னவோ பளபளதான்! பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுப்பதால் உள்ளேயும் அரிக்கும். சுமார் 10 சதவீத நிக்கல் கலந்த குழாய்க்கு இந்தத் தொல்லை இல்லை.

ஏசி கடையில் கிடைக்கும் வெறும் செம்புக் குழாயை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதிர்வில் இறுகி வெடிக்கும்.

அசல் மாறாமல் அணிவகுப்புக்கு நிறுத்த இரும்பு. கடற்கரைப் பக்கம் தினம் ஓட்ட குப்ரோ நிக்கல். ரப்பர் ஹோஸ், எதுவானாலும் புதுசு.